ஒரே பெட்டியில் இரண்டு வயர்

அப்பா பெயர் அழகுமுத்து. அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர். கொழுந்து நிறுக்கும் வேலையிலிருந்து தோட்டக் கம்பெனியின் கொட்டகலை அலுவலகத்துக்கு மாறினார். அங்கே கம்ப்யூட்டரைத் தொட எல்லோருக்கும் பயம். அப்பா பயந்துகொண்டே தொட்டார். ஓய்வுபெறும் வயது தாண்டியும் சேர்வர் அறை அவர் பொறுப்பிலேயே இருந்தது.

சுற்றுத் தோட்டங்களில் அன்றன்று பறித்த கொழுந்தின் நிறை அந்தச் சேர்வருக்கு வரும். அதை வைத்துத்தான் சம்பளம். கணக்கெல்லாம் இருப்பது பக்கத்தில் தனியாக உள்ள டிஸ்க்குகளில். சேர்வரிலிருந்து அவற்றுக்கு இரண்டு வயர்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் தனித்தனி இணைப்புப் பெட்டி. ஒரு பாதை செத்தால் மற்றது தாங்கும். கொழும்பில் என் வேலையும் இதுதான். அப்பாவுக்கு அதை அமைத்துக் கொடுத்தவளும் நான்தான்.

சித்திரையில் அப்பா எனக்குப் போன் எடுத்தார்.

"தனு, இடி விழுந்து ஒரு பெட்டி செத்துப்போச்சும்மா."

"அந்த வயரையும் மத்தப் பெட்டியிலயே குத்திருங்கப்பா. ஸ்கிரீன்ல ரெண்டு பாதையும் பச்சையா காட்டும்."

"ரெண்டு கங்காணி ஒரே கொடையில நிக்கிற மாதிரியா? கொடை பறந்தா ரெண்டு பேரும்ல நனைவாங்க."

"இப்போதைக்குத்தான். தீவாளிக்கு வந்து புதுசு போட்டுத் தர்றேன்."

"எந்த வருசத்துத் தீவாளிம்மா?"

சிரித்தேன். என் அலுவலகத்தில் ஒருவர் இப்படிக் குத்தியிருந்தால் திட்டியிருப்பேன்.

புதுப் பெட்டியைக் கம்பெனி வைகாசியிலேயே வாங்கிவிட்டது. தீபாவளிக்கு நான் போகவில்லை. விடுமுறையில் வேலை பார்த்தால் சம்பளம் கூடக் கிடைக்கும். அடுத்த வாரம் சேர்வர் அறை நாற்காலியிலேயே அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது.

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் கொட்டகலை அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு வயரும் ஒரே பெட்டியில் இருப்பதை அப்பா மறைத்திருப்பார், அவர் பெயர் கெடுவதற்குள் மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். மேலாளர் இராசரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். பால் இல்லாத பிளேன்டீ ஊற்றி வைத்தார்.

"உங்கட அப்பா அண்டைக்கே எனக்குச் சொல்லிப்போட்டார், பிள்ளை. கண்டியில இருந்து ஆளைக் கூப்பிடுவம் எண்டன். 'வேணாங்கய்யா, மக வருவா' எண்டு நிண்டிட்டார்."

நான் எழுந்தேன்; அவர் சேர்வர் அறையைத் திறந்துவிட்டார்.

"உந்தப் பெட்டிக்குப் பக்கத்திலயே இருப்பார். இது போனா எல்லாம் போயிரும் எண்டு. நெஞ்சைக் காட்டக் கிளினிக்குக்குப் போங்கோ எண்டா, மின்னல் காலம், விட்டிட்டுப் போக ஏலாதாம். மகள் வந்த உடன போவாராம்."

சேர்வர் அறையில் நாற்காலி பெட்டியை ஒட்டியே கிடந்தது. முதுகில் அவருடைய கம்பளிச் சட்டை. புதுப் பெட்டி பிரிக்கப்படாமல், தூசு படாதபடி துவாயால் மூடியிருந்தது.

பிரித்தேன். மாட்டினேன். ஒரு வயரை அதற்கு மாற்றினேன். பிறகு சோதிப்பதற்காக, இதுவரை தனியாகத் தாங்கிய பழைய பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். திரையில் ஒரு பாதை சிவப்பானது. மற்றது பச்சையாகவே நின்றது. பக்கத்து அறையில் தோட்டங்களின் நிறை வந்துகொண்டேயிருந்தது. யாரும் எழுந்து வரவில்லை. பிளக்கைத் திரும்பக் குத்தினேன். இரண்டும் பச்சை.

நாற்காலியைப் பெட்டியிடமிருந்து சுவரோரமாக நகர்த்தி வைத்தேன்.

"முடிஞ்சுதோ, பிள்ளை?"

"முடிஞ்சிருச்சுங்க."

மேசையில் அவர் ஊற்றி வைத்த பிளேன்டீ இன்னும் ஆறவில்லை.