கடல் மணலில் எழுந்த கூடம்

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, நிலநடுக்கத்தில் விரிசல் விட்ட கட்டடங்களைச் சோதிக்கும் வேலை எனக்கு வந்தது. பட்டியலில் எங்கள் தீவில் கராச்சர்மா ஊரைத் தாண்டி மேட்டில் நின்ற ஒரு சமூகக் கூடமும் இருந்தது. அதற்குக் காங்கிரீட் போட்டபோது மேற்பார்வை பார்த்தவன் நான்தான். அப்போது ஆற்று மணல் ஏற்றிவரும் கப்பல் தாமதமானது. மழைக்கு முன் முடித்தாக வேண்டும் என்றார் மேலதிகாரி. கடற்கரை மணலை அள்ளி, உப்பு போகக் கழுவாமலே கலந்தார்கள். நான் அருகில் நின்றேன். நல்ல மணல் என்று கையெழுத்தும் போட்டேன்.

கூடத்தில் இப்போது சுனாமியில் வீடிழந்து கச்சால் தீவிலிருந்து வந்த குடும்பங்கள் தங்கியிருந்தன. முன்பு இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்து, கச்சாலில் ரப்பர் பால் எடுத்தவர்கள். ஒரு பெண் தூணோரம் சேலையை மறைப்பாகக் கட்டி, மாமியாரோடும் இரண்டு மகள்களோடும் இருந்தாள். புருஷன் கடலோடு போய்விட்டான். என்னைக் கண்டதும் மறைப்பை அவளே அவிழ்த்து வழிவிட்டாள்.

பூச்சை உதிர்த்து, தூணைத் தேய்த்து, சோதனைச் சுத்தியலை வைத்து அழுத்தினேன். நல்ல காங்கிரீட் என்றால் சுத்தியலுக்குள் இருக்கும் எடை விசையோடு எகிறும், அளவு முள் ஏறும். இங்கே முள் ஏறவே இல்லை. என் கைதான் சரியில்லையோ என்று இடம் மாற்றி மாற்றி அழுத்தினேன். பிறகு உடன் வந்த ஆளிடம் துளைபோட்டு உள்ளிருந்து ஒரு துண்டை எடுக்கச் சொன்னேன். உருளையாக வரவேண்டியது மூன்றாக உடைந்து வந்தது. நடுவில் வெள்ளையாகச் சிப்பித் துண்டுகள். துளைக்குள் தெரிந்த கம்பி துருவேறிச் செதில் செதிலாக உரிந்தது.

“பக்காவா இருக்குங்களா சார்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“இல்லம்மா. இங்க தங்கக் கூடாது.”

மகள்களைத் தூணிலிருந்து தள்ளி இழுத்துக்கொண்டாள்.

“தண்ணிக்குப் பயந்துதானுங்க இந்த மேட்டுல வந்து ஒண்டினோம். கட்டுனவங்களுக்கு இது தெரியாதுங்களா?”

கருவியைப் பெட்டியில் வைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அறிக்கையில் அளவுகளை உள்ளபடி எழுதினேன். காரணம் என்ற இடத்தில் மட்டும் உப்புக்காற்று என்று எழுதினேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்த வாரமே கூடத்தைக் காலி செய்து, எல்லோரையும் தகரக் கொட்டகைகளுக்கு மாற்றினார்கள். ஏப்ரல் வெயில். அங்கே போன சில நாட்களிலேயே அந்தப் பெண்ணின் மாமியார் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தகரத்தின் வெக்கை தாங்கவில்லை என்றார்கள்.

அவளைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கொட்டகைகள் தெரிந்தன. கண்டக்டர் இறங்கச் சொன்னார். எழுந்திருக்க முடியவில்லை. கடைசி நிறுத்தம்வரை உட்கார்ந்திருந்து, அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன்.