டெல்டாவில் முளைத்த மலை

தாமரைத்திடல் பேருந்து நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அமலிக்கு ஒரு பழக்கம் உண்டு. நகலெடுக்க வரும் காகிதம் எதுவானாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துவிடுவாள். பட்டா, கல்யாணப் பத்திரிகை, வளைகுடா வேலை ஒப்பந்தம் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. இன்னொன்று, சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. பூசை நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு, இருமல் வந்தவள்போல மாதா கோயிலை விட்டு வெளியே ஓடியது எத்தனையோ தடவை. கணவன் ஜோசப்ராஜ் மஸ்கட்டில் கிரேன் ஓட்டினான்.

ஊருக்கு மேற்கே சின்னதாக ஒரு விமான நிலையம் இருந்தது. இரண்டாயிரத்து ஆறில் அதன் ஓடுதளத்தை நீட்டினார்கள். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்த ஊர், எல்லாருக்கும் சந்தோஷம்தான். அந்த ஐப்பசி மழையில்தான் விஷயம் புரிந்தது. புது ஓடுதளமும் மதில் சுவரும், வயல் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் கன்னிவடிகாலின் குறுக்கே உட்கார்ந்திருந்தன. வயலில் நின்ற தண்ணீர் வடிய வழியில்லை. நட்டு இருபது நாளான சம்பாப் பயிர் ஒன்பது நாள் மூழ்கிக் கிடந்து அழுகியது. மருதையனுக்கு இரண்டு ஏக்கரும் போயிற்று. பண்ணையாளாக இருந்த குடும்பத்தில் சொந்த நிலம் வாங்கிய முதல் ஆள் அவர்.

விமான நிலையத்தில் போய்க் கேட்டார்கள். அங்கே எந்த வடிகாலும் அடைபடவில்லை என்று பதில் வந்தது. மறு வருஷமும் பயிர் அழுகியது. மருதையன் மறுபடி ஒரு மனு எழுதி நகலெடுக்கக் கொண்டுவந்தார். அமலி வழக்கம்போல அதை வாசித்தாள்.

“தாழ்மையுடன், பணிவுடன்னு எத்தனை தடவைண்ணே எழுதுவீங்க? கெஞ்சுனது போதும். கேள்வி கேட்போம். அதுக்குச் சட்டமே வந்துருக்கு,” என்றாள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டப் புத்தகத்தை யாரோ நகலெடுக்கக் கொடுத்தபோதே அவள் முழுக்கப் படித்து முடித்திருந்தாள். கட்டணமாகப் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு விமான நிலையத்துக்கு மூன்று கேள்விகள் போயின. வடிகாலுக்கு ஓடுதளத்தின் அடியில் வழி விடப்பட்டதா? அதன் வரைபடம் எங்கே? வேலை முடிந்ததற்கு என்ன சான்று?

பாதுகாப்புக் காரணங்களால் தர இயலாது என்று பதில் வந்தது. மஸ்கட்டிலிருந்து பேசிய ஜோசப்ராஜ், ஊருக்கு வரும்போது தன்னை விமானத்தைவிட்டு இறங்கவே விடமாட்டார்கள் என்று பயந்தான். அமலி அவனைச் சமாதானப்படுத்திவிட்டு மேல்முறையீடு எழுத உட்கார்ந்தாள். விமானம் எங்கே போகிறது என்று நாங்கள் கேட்கவில்லை, மழைத்தண்ணீர் எங்கே போகும் என்றுதான் கேட்கிறோம் என்று எழுதினாள்.

அந்த வரி ஊருக்குப் பிடித்துப்போயிற்று. நாற்பத்திரண்டு பேர் அதே மூன்று கேள்விகளைத் தனித்தனியாக அனுப்பினார்கள். உள்ளூர்த் தபாலகத்தில் போஸ்டல் ஆர்டர் தீர்ந்து, மன்னார்குடியிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. ஒரு மாதம் கழித்து, கோப்பை நேரில் வந்து பார்க்கலாம் என்று கடிதம் வந்தது.

அமலியும் மருதையனும் போனார்கள். தகவல் அலுவலர் மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கோப்பை மேசையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அமலி ஒவ்வொரு தாளாக வாசித்தாள். வரைபடத்தில் கன்னிவடிகால் பெயரோடு இருந்தது. ஓடுதளத்தின் அடியில் நாலடிக் குழாய் மூன்று வரிசை பதிக்க வேண்டும் என்றும் இருந்தது. அடுத்த தாளில் வேலை நல்லபடி முடிந்ததாக ஒப்பந்தக்காரரின் சான்று, அதை ஏற்று விமான நிலைய அதிகாரி போட்ட கையெழுத்து. கூடவே ஒரு போட்டோ: புத்தம் புதுக் குழாய்கள், அதில் பாயும் தண்ணீர், பக்கத்தில் குடை பிடித்த ஒருவர். பின்னால், நீலமாக, நெடுநெடுவென்று ஒரு மலை.

அமலி போட்டோவை மருதையன் பக்கம் நகர்த்தினாள். அவர் பார்த்தார். தஞ்சாவூரில் தொடங்கி வேளாங்கண்ணிக் கடற்கரை வரை போனாலும் கோபுரத்தைவிட உயரமாக ஒன்றும் நிற்காத சீமை அது.

“சார்,” என்றாள் அமலி, குரல் அதற்குள் ஆடத் தொடங்கியிருந்தது. “இந்த மலை நம்மூர்ல எந்தப் பக்கம் சார் இருக்கு?”

அலுவலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். அமலி முந்தானையை வாயில் திணித்தாள், பயனில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சுவிட முடியாமல் சிரித்தாள். மருதையனுக்கும் தொற்றிக்கொண்டது. கோபப்பட வாயெடுத்த அலுவலர், இன்னொரு தடவை மலையைப் பார்த்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்ட தாள்களுக்கெல்லாம் நகல் கொடுத்து முத்திரையும் குத்தினார்.

அந்தப் போட்டோவுக்கு அமலி இருநூறு பிரதி எடுத்தாள். ஆட்சியருக்கு ஒன்று, மேலிடத்துக்கு ஒன்று, பத்திரிகைகளுக்குச் சில. ஒரு நாளிதழ் அதைப் பெரிதாகப் போட்டது. பேருந்து நடத்துநர்கள் நிறுத்தத்தை நெருங்கும்போதே, மலைக்குப் போறவங்கல்லாம் எறங்கிக்கலாம் என்று குரல் கொடுத்தார்கள். விசாரணை வந்தது. கையெழுத்துப் போட்டவர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த கோடையில், அதே ஒப்பந்தக்காரரின் ஆட்களே வந்து ஓடுதளத்தைத் தோண்டி உண்மையாகவே குழாய் பதித்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட மூன்றாம் நாள் காலை ஊரே மதில் சுவரோரம் நின்றது. வயல் தண்ணீர் கலங்கலாகத் திரண்டு வந்து குழாய்க்குள் இரைச்சலோடு நுழைந்தது. உள்ளே போனது அந்தப் பக்கம் வருகிறதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மருதையன் கையிலிருந்த ஒரு நெற்றுத் தேங்காயைக் குழாய்க்குள் எறிந்தார்.

“ஏறு தங்கச்சி, போய்ப் பாத்துருவோம்,” என்று மொபெட்டை உதைத்தார்.

அமலி பின்னால் தாவி ஏறிக்கொண்டாள். மதிலைச் சுற்றி அரைக் கிலோமீட்டர். சேறு வாரி அடித்தது. பின்னால் சைக்கிளிலும் கால்நடையாகவும் கூட்டம் கத்திக்கொண்டு ஓடிவந்தது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது தேங்காய் முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. நுரையில் சுழன்று, ஒரு முங்கு முங்கி எழுந்து, கிழக்கே கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

மூச்சிரைக்க வந்து நின்றவர்களில் பாதிப் பேர் தேங்காயைப் பார்க்கவில்லை. இன்னொன்று போட வேண்டும் என்றார்கள். மருதையன் வண்டியைத் திருப்பினார்.