வேண்டாமென்று சொன்ன மதிப்பெண்

மரிலேனாவின் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பெரிய மனிதர் முன்னால் போய் நிற்கக் கூடாது. தென் இத்தாலியில், பசிலிகாத்தா மலையூர் ஒன்றில் தக்காளி வயல்களுக்கு டிராக்டர் ஓட்டும் அவள் அப்பா ரோக்கோ, நகராட்சியில் ஒரு கையெழுத்து வாங்கப் போவதென்றாலும் பேச வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவார். அவர் மகள்தான் வடக்கே தூரினுக்கு இன்ஜினியரிங் படிக்க வந்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

வீட்டுப் பழக்கத்தையும் பெட்டியோடு கொண்டுவந்துவிட்டாள், அதுதான் வினை. பிப்ரவரியில் கணிதத் தேர்வு வந்தபோது, இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது என்று போகாமலே இருந்துவிட்டாள். பக்கத்து இருக்கை ஜினேவ்ரா பாதிப் பாடம்கூடப் புரட்டாமல் போனாள், தோற்றாள், வெளியே வந்து நிம்மதியாகக் காபி குடித்தாள்.

"வாத்தியார் எப்படிக் கேக்கறாருன்னு சும்மா பாத்துட்டு வந்தேன்டி. தோத்தா எங்கயும் எழுத மாட்டாங்க, தெரியாதா?"

ஜினேவ்ராவின் அப்பா, அம்மா, தாத்தா மூவரும் இன்ஜினியர்கள். இந்தச் சூட்சுமமெல்லாம் அவள் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டு வளர்ந்தவள். மரிலேனாவுக்கு யார் சொல்வது? வெட்கம் கெட்டவள் என்று மனதுக்குள் திட்டிவிட்டு மறுபடி புத்தகத்தைத் திறந்தாள்.

படித்துக்கொண்டே இருந்ததில் ஜூலை வந்துவிட்டது. ஆகஸ்ட் பத்துக்குள் இன்னும் ஒரு தேர்விலாவது தேறியாக வேண்டும். இல்லையென்றால் உதவித்தொகை போய்விடும், அதோடு விடுதிக் கட்டிலும் போய்விடும். கையில் மிச்சமிருந்தது கணிதம் மட்டும்தான். அந்த மாதம் அதற்கு இரண்டு வாய்ப்புகள். விவரம் தெரிந்த பிள்ளைகள் இரண்டுக்கும் சேர்த்தே பெயர் பதிந்துவைப்பார்கள். முதலாவதில் தேறிவிட்டால் இரண்டாவதை ரத்து செய்துகொள்ளலாம். மரிலேனா முதலாவதுக்கு மட்டும் பதிந்தாள். இரண்டாவதற்கும் பதிவது, கல்யாணத்தன்றே விவாகரத்துக்கு வக்கீல் பார்ப்பது மாதிரி இருந்தது அவளுக்கு. தேவைப்பட்டால் அப்புறம் பதிந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

எழுத்துத் தேர்வில் தேறினாள். வாய்மொழித் தேர்வன்று நடைபாதையில் காத்திருந்தாள். அறையிலிருந்து ஜினேவ்ரா கையை வீசிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எவ்ளோ?"

"இருபத்துமூணு. வேணாம்னுட்டேன். இருபத்தஞ்சுக்குக் கீழ வாங்கினா அப்புறம் எவனும் மதிக்க மாட்டான்னு எங்கப்பா சொல்வாரு."

முப்பதுக்குப் பதினெட்டு வாங்கினாலே தேர்ச்சி. ஆனால் கொடுத்ததை மறுத்துவிட்டு மறுபடி எழுத இங்கே உரிமை உண்டு. சற்று முன்பு பத்தொன்பதுக்குத் தலையாட்டிவிட்டு வந்த பையனைப் பார்த்து, "எதைப் போட்டாலும் மடியேந்தி வாங்கிக்கறான் பாரு" என்று சுவரோரம் நின்ற கூட்டம் சிரித்தது. மரிலேனாவும் சிரித்துவைத்தாள். ஒரு வருஷமாக அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக இருக்க அவள் பட்ட ஆசை கொஞ்சமல்ல.

பேராசிரியர் பெர்தோலினோ நல்ல மனிதர்தான். பொறுமையாகக் கேள்வி கேட்டார். ஒன்றிரண்டு இடங்களில் அவளுக்கு நாக்கு குழறியது.

"இருபத்தொண்ணு போடலாம். ஒத்துக்கறீங்களா?"

"வேணாம் சார். நான் மறுபடி வரேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நிச்சயமாத்தானே?"

"நிச்சயமா சார்."

அடிப்பாவி! உனக்கென்று நீட்டியதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே! ஆனால் கதவைத் திறந்து வெளியே வந்தபோது, அந்த ஊரில் முதல்முறையாக அவள் தலைநிமிர்ந்து நடந்தாள்.

"பரவால்லயே நீ. ரெண்டாவதுக்குப் பதிஞ்சிருக்கேல்ல?" என்றாள் ஜினேவ்ரா.

"இன்னிக்குப் பதியணும்."

"என்னடி சொல்றே? அது நேத்தோட மூடியாச்சே. சரி விடு, செப்டம்பர்ல எழுதிக்கலாம்."

ஜினேவ்ராவுக்குச் செப்டம்பர் என்பது வெறும் ஒரு மாதம். மரிலேனாவுக்கு அது ஆகஸ்ட் பத்துக்கு அப்புறம். மறுபடி உள்ளே ஓடினாள். அடுத்த மாணவன் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"சார், அந்த இருபத்தொண்ணே போதும். தெரியாம சொல்லிட்டேன்."

"அப்பவே பதிவாகிடுச்சும்மா. இனிமே நான் மாத்த முடியாது. செப்டம்பர்ல வாங்க."

"செப்டம்பர்ல எனக்கு இங்க இருக்க எடமே இருக்காது சார். பதினெட்டு போட்டாக்கூடப் போதும்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கரும்பலகைப் பையன் கையில் சாக்பீஸோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது அப்பா போனில் கூப்பிட்டார். பின்னால் மதுக்கடைச் சத்தம் கேட்டது.

"என்னம்மா, தேறிட்டியா? இங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க."

"இருபத்தொண்ணு குடுத்தாங்கப்பா."

"அடி என் தங்கமே!"

"நான் வேணாம்னு சொல்லிட்டேன்ப்பா."

"வேணாம்னா?"

"இங்க அப்படிச் சொல்லலாம்ப்பா. குடுக்கறதை வேணாம்னு சொல்லிட்டு மறுபடி எழுதலாம். எல்லாரும் சொல்றாங்க. ஆனா எனக்கு இனிமே..."

அவர் கடையை விட்டு வெளியே வந்துவிட்டார் போலும், சத்தம் நின்றது. அவள் பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு மெல்லிய குரலில் சொன்னார்.

"தோத்துட்டேன்னா தோத்துட்டேன்னு சொல்லும்மா. நான் திட்ட மாட்டேன். அப்பாகிட்ட பொய் மட்டும் சொல்லாத."