பளபளத்த குற்றம்

பாகூர் போகும் வழியில், பிரெஞ்சு எல்லை முடியும் இடத்தில், இங்கிலீஷ் சர்க்காரின் சுங்கச் சாவடியில் என் சைக்கிளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். தினமும் எண்ணெய் போட்டுத் துடைக்கிற பழைய வண்டி. புதுச்சேரியில் புதிதாக வாங்கி வரி கட்டாமல் கடத்துகிறேனாம். தேய்ந்த பெடலைக் காட்டுகிறேன். காவலன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்குப் பின்னால் வந்த குடியானவரின் சைக்கிள் முழுக்கச் சேறு. அவரைக் கையசைத்து அனுப்பிவிடுகிறான். அவர் என்னருகே வந்து குரலைத் தாழ்த்துகிறார்.

“இன்னாங்க நீங்க, எல்லை தாண்டற வண்டிய யாராச்சும் தொடைப்பாங்களா? என்னுது நேத்து வாங்குனது. வாய்க்கா சேத்துல பொரட்டி எடுத்தாந்தேன்.”

நான் திரும்புவதற்குள் காவலன் என் வண்டியில் ஏறி உட்கார்ந்து மணியடித்துப் பார்க்கிறான். பிறகு, மணியில் பதிந்த விரல் கறையைத் தன் துண்டால் துடைக்கிறான்.