தீட்டுனத சொல்லாதீங்க

கொலையில ரெண்டு தினுசு இருக்குன்னு அறுவது வயசுக்கு மேல, கோர்ட்டுக்குப் போயித்தான் எனக்குத் தெரிஞ்சிச்சு. அதுவரைக்கும் வெட்டுனா வெட்டு, செத்தா சாவு, அம்புட்டுதான். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மக எழுதுறா. பேச்சு வேற பக்கம் போனா, "எங்க போறீங்கப்பா, கோர்ட்டுக்கு வாங்க"ன்னு இழுத்துக்கிட்டு வர்றா.

எங்க லயத்துல, அதாவது தோட்டத்து வரிச வீட்டுல, அடுத்த காம்பராக்காரன் கவ்வாத்து வெட்டுறவன். இடுப்பொசரத் தேயிலைய முட்டிக்கு வெட்டி விடுற வேல. வாது, அதான் கெள, பொளக்காம ஒரே வீச்சுல வெட்டணும், பொளந்தா தண்ணி எறங்கி செடி அழுகிரும். நானும் முப்பது வருசம் வெட்டுனவன்தான். பட்டிப்பொல பக்கத்துல ஒரு மலையில வெட்டுறப்போ பனியில வெரல் மரத்து, கத்தி கையில இருக்கா இல்லையான்னு குனிஞ்சு பாத்துக்குவேன். சரி, அது வேற கத.

கவ்வாத்துக்காரங்க பகலோட எறங்கிருவாங்க. எறங்குனதும் மலையில இருந்து வர்ற பீலித் தண்ணியில கத்தியக் கல்லுல தீட்டிட்டுத்தான் சோறு. காலையில பெரட்டுக்களத்துல பேர் குடுக்க ஓடுறப்போ தீட்ட எங்க நேரம்? அன்னைக்கித் தூறல்ங்கறதால கவ்வாத்துக்காரங்க கொஞ்சம் வெள்ளனா வந்துட்டாங்க. நான் பீலியில தண்ணி கேன் புடிச்சிக்கிட்டு இருந்தேன். அடுத்த காம்பராக்காரன் குந்தி தீட்டிக்கிட்டு இருந்தான். அவன் பொஞ்சாதி காய்ச்சல்னு கொழுந்து பறிக்கப் போகல.

பீலிக்கு நேரெதிர அவன் காம்பரா. கதவு தெறந்துச்சு. த்ரீவீல் ஓட்டுற ஒரு ஆளு, வட்டகொடைக்காரன், சட்டப் பொத்தானைப் போட்டுக்கிட்டே வெளிய வந்தான். பின்னாடி இவன் பொஞ்சாதி நின்னுச்சு, இவனைக் கண்டதும் உள்ள போயிருச்சு. வந்தவன் பேசாம போயிருக்கலாம். சிரிச்சான்.

"என்னா மச்சான், வெள்ளனா வந்துட்டீங்க? தீட்டுங்க தீட்டுங்க. ஒங்களுக்கு அந்தக் கத்தி ஒண்ணுதான் லாயக்கு."

இவன் எந்திரிச்சான். நாலு எட்டு. ஒரே வீச்சு. பெறகு கத்தியக் கீழ போட்டுட்டு பீலிக்கு வந்து கையக் கழுவுனான். "அண்ணே, பொலிசுக்குச் சொல்லுங்க"ன்னான். என் கேன் நெறஞ்சு வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

பொலிசு வர்றதுக்கு முந்தி லயத்துல கூடிப் பேசுனோம். வெட்டுனவனோட அக்காதான் சொன்னா: "தீட்டுனத மட்டும் யாரும் சொல்லாதீங்க. தீட்டுனான்னா, வெட்டத்தான் தீட்டுனான்னு சிங்களத்துல எழுதிக்குவாங்க." எல்லாருக்கும் ஞாயமாத்தான் பட்டுச்சு. நான் பொலிசுல "கத்தியோட வந்தான், வெட்டிட்டான்"னு சொல்லி பெருவெரல் வச்சிட்டு வந்தேன்.

வழக்கு வர சில வருசம் ஆச்சு. நுவரெலியா கோர்ட்டு வாசல்ல அவனுக்குப் பேசுற வக்கீலம்மா அவன் அக்காகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பக்கத்து பெஞ்சுல நான்.

"இங்க பாருங்கம்மா, எப்பிடி வெட்டுனாலும் செத்தது ஒரு ஆளுதான். கோர்ட்டு வெட்டுனவன் மனச பாக்கும். யோசிச்சு, தயாராகி வெட்டுனா தூக்குத் தீர்ப்பு. தூக்க மாட்டாங்க, உள்ளயே கெடந்து சாகணும். தாங்க முடியாத பேச்சக் கேட்டு அந்த நிமிசமே வெட்டுனா அது வேற குத்தம். வருசத்த எண்ணிக்கிட்டு வெளிய வரலாம். நடுவுல மனசு ஆற நேரம் இருந்துச்சான்னுதான் கேப்பாங்க."

அப்பயும் அக்கா தீட்டுனத சொல்லல. நானும் சொல்லல.

என்னையச் சாட்சிக் கூண்டுல ஏத்துனாங்க. அரசாங்க வக்கீல் கேட்டத ஒருத்தர் தமிழ்ல சொன்னாரு: கவ்வாத்துக்காரங்க கத்திய எப்பிடி எடுத்துக்கிட்டு வருவாங்க?

என் வேலையப் பத்தி அதுவரைக்கும் ஒரு ஆளு கேட்டதில்ல. நெஞ்ச நிமித்திக்கிட்டேன். "சாக்குத் துண்டுல சுத்தி கயித்துல கட்டி கொண்டு வருவோம்ங்க. இவன் சுத்தமான வேலைக்காரன். ஒரு நாளும் வெறுங்கத்தியோட மலையவிட்டு எறங்க மாட்டான்." அவனுக்கு நல்ல பேர் வாங்கிக் குடுக்குறதா நெனப்பு.

"அவுக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"ஒரு வெத்தல போடுற நேரம்ங்க."

யாரோ சிரிச்சாங்க. வக்கீலம்மா பேனாவக் கீழ வச்சிட்டாங்க. அப்பத்தான் எனக்கு ஒறச்சிச்சு. வெத்தல போடுற நேரம்னா மனசு ஆறுற நேரம். அவனத் தூக்குப் பக்கம் தள்ளுனது நான்தான். அவன் என்னையப் பாக்கல, தரையப் பாத்துக்கிட்டு நின்னான்.

வக்கீலம்மா எந்திரிச்சாங்க. "ஐயா, அன்னைக்கி அந்தச் சாக்குத் துண்டு எங்க இருந்துச்சு?"

"அவன் தலையில. தூறலுக்குப் போட்டிருந்தான்."

"அப்போ கத்தி?"

அக்கா தலைய ஆட்டி வேணாம்னா. நான் சொல்லிட்டேன். "கல்லுல. தீட்டிக்கிட்டு இருந்தான்."

அரசாங்க வக்கீல் துள்ளி எந்திரிச்சாரு. நீதிபதி கையக் காட்டி உக்கார வச்சிட்டு, பொலிசுக்கு ஏன் சொல்லலன்னு என்னையக் கேட்டாரு. பயந்துட்டோம்ங்கன்னேன். கத்திய எதுக்குத் தீட்டுனான்னாரு. எனக்குத் தெரிஞ்ச கடவீதிச் சிங்களத்துலயே சொன்னேன்: "நாளைக்கித் தேயில வெட்டங்க. தெனமும் தீட்டுவோம். இவனுக்கு முந்தி இன்னொருத்தன் அதே கல்லுல தீட்டிட்டு சோறு திங்கப் போயிட்டான். அவன் யாரையும் வெட்டல."

நீதிபதி ரொம்ப நேரம் எழுதுனாரு.

கத்தி அவுந்து கையிலயே இருந்துச்சு, மனசு ஆற நேரமில்லன்னு தீர்ப்பு அந்த ரெண்டாவது தினுசுலதான் வந்துச்சு. அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. அவன் ஒரு தடவ என்னையப் பாத்தான், உள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

தலவாக்கலையில பஸ் மாறி ஏறுனேன். என் பக்கத்துல ஒரு எடந்தான் மிச்சம். செத்தவனோட அம்மா வந்து உக்காந்தா. கோர்ட்டுல எனக்குப் பின்னாடிதான் இருந்திருக்கா.

"நீங்க பொய் சொல்லலண்ணே, தெரியும். எம்மகன் வாய்க்கொழுப்பும் எனக்குத் தெரியும். அதுக்காக அவன் சாவ ஒரு படி எறக்கி வச்சிட்டாங்களே. எனக்கு எந்தத் தினுசா இருந்தா என்னா, அவன் வருவானா?"

வட்டகொடையில எறங்குறப்போ சாமான் பைய மறந்துட்டுப் போனா. சன்னல் வழியா நீட்டுனேன். வாங்கிக்கிட்டா.