லிஃப்ட்காரரின் சோதனை

பம்பாயில் அந்தச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் புதிதாக இருதயப் பிரிவு திறந்தபோது, எந்தப் புண்ணியவானோ அதை மூன்றாவது மாடியில் வைத்துவிட்டான். இருந்தது ஒரே லிஃப்ட். அதை ஓட்டியவர் தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர். ஒல்லியான ஆள், வாயில் எப்போதும் வெற்றிலை. வருகிறவர்களின் சீட்டைப் பார்க்கவே மாட்டார். ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்து, அவர்கள் போடும் சத்தத்தைத்தான் கேட்பார்.

"இம்புட்டுச் சத்தம் போடுதவருக்கு லிஃப்ட் எதுக்கு? நடங்க."

திறப்புவிழாவில் ஒரு மணி நேரம் பேசிய மந்திரியையே படியேற வைத்தவர்.

மாதுங்காவிலிருந்து வரும் என் மாமனார் மாதாமாதம் அவரைத் திட்டிக்கொண்டே படியேறுவார். ஒரு மாதம் பேசாமல் வந்து நின்றார். லிஃப்ட்காரர் கண்ணைத் திறந்து பார்த்தார். உடனே எழுந்து கதவைத் திறந்துவிட்டார். மேலே போகும்போது மெதுவாகச் சொன்னார்: "சாமி, ஒரு வார்த்தை ஏசுங்களேன்."

மாமனார் மூச்சை இழுத்துக்கொண்டார். "மடையா, வெத்தலையைத் துப்பிட்டுப் பேசுடா!"

"அப்ப ஒண்ணும் பயமில்ல. இறங்கையில நடந்தே வாங்க."

மேலே பெரிய டாக்டர் அரைமணி நேரம் சோதித்துவிட்டு, அதையேதான் இங்கிலீஷில் சொன்னார்.