வார்டில் போட்ட சாம்பிராணி

மலாயாவில் மேருப் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரியில், டாக்டர் இல்லாதபோது நோயாளிகளைக் கவனிக்கும் டிரெசராக நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பவுனு என்ற மூன்று வயதுக் குழந்தையைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து தூக்கி வந்தார்கள். நெஞ்சு குழிந்து குழிந்து எழுந்தது. மூக்குத் துளைகள் விரிந்து அடங்கின. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு அறுபது மூச்சு. பிராங்கோ நிமோனியா. அக்காலத்தில் அதை முறிக்கும் மருந்து எங்களிடம் இல்லை. குழந்தை தானே மீளும்வரை மூச்சை எளிதாக்கித் துணையிருப்பதே வைத்தியம்.

கிள்ளானிலிருந்து வந்த டாக்டர், மருந்தாவி பிடிக்க ஸ்டீம் கெட்டில் வைக்கும்படியும் சன்னல்களைத் திறந்தே வைக்கும்படியும் சொல்லிப் போனார். தாய் அஞ்சலை, பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுப்பவள். கட்டிலை விட்டு அகலவில்லை. பவுனுவுக்கோ என் ஸ்டெதாஸ்கோப்பின் ரப்பர்க் குழாய் மீது பெரும் பற்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். நானும் பிடுங்காமல் அருகே குனிந்து நிற்பேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. காலை மருந்து கொடுத்து முடித்ததும் வார்டிலிருந்த முருகன் படத்துக்குச் சாம்பிராணி போட்டு, கற்பூரம் காட்டி, பதிகம் ஓதுவது என் வாராந்தர வழக்கம். கற்பூரச் சுடர் காற்றில் அணையலாகாது என்று சன்னல்களை நானே சாத்துவேன். அன்றும் சாத்தினேன். குழந்தைக்காக வேண்டிக்கொண்டு சாம்பிராணியை இரட்டிப்பாகவும் போட்டேன்.

மூன்றாம் பாட்டில் பவுனு இருமத் தொடங்கினாள். அஞ்சலை கட்டிலைக் கதவுப்பக்கம் இழுத்தாள். பூசை நடக்கும்போது அசையக்கூடாதென்று கண்டித்து, கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளினேன். சளி இளகுகிறது என்றும் எண்ணிக்கொண்டேன். ஏழாம் பாட்டில் அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தூபக்காலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. எம்புள்ளைக்காகத்தான் கும்புடுறீங்க. ஆனா அவ மூச்சு விட எடமில்லீங்களே.”

அப்போதுதான் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது.

பதிகத்தை நடுவில் விட்டது அன்று ஒருநாள்தான். அஞ்சலை சன்னல்களைத் திறந்தாள். நான் குழந்தையை வராந்தாவுக்குத் தூக்கிப் போய்த் தலையணைகளில் சாய்த்து உட்காரவைத்தேன். முகம் தெளிந்த பிறகு கெட்டிலைக் கொண்டுவந்தேன். அதன் நீரில் ஊற்றிய டிங்சர் மருந்தும் சாம்பிராணியில் செய்ததே. அதே பிசின், ஆவியாய் வந்தபோது ஆறுதல், புகையாய் வந்தபோது நஞ்சு. வராந்தாவில் முதலில் எண்ணியபோது எழுபத்திரண்டு மூச்சு, உச்சிப்பொழுதில் அறுபது, மாலையில் ஐம்பது. விட்ட பதிகத்தைத் தொடரும் தகுதி எனக்கிருப்பதாகத் தோன்றவில்லை.

அஞ்சலைதான் பேச்செடுத்தாள். “மிச்சத்தையும் பாடிருங்கய்யா. பொகை இல்லாட்டி சாமிக்குக் காது கேக்காதா என்ன?”

பாடினேன், குழந்தை விழித்துவிடாத மெல்லிய குரலில்.

மறுமுறை டாக்டர் வந்தபோது நடந்ததை நானே சொன்னேன். கிடைத்த வசவு நியாயமானது. பவுனு பத்தாம் நாள் தன் காலால் நடந்து லயத்துக்குப் போனாள்.

வார்டில் பணிபுரியும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். பக்தியை விடச் சொல்லவில்லை, நானும் விட்டதில்லை. ஆனால் கைகூப்பும் முன் கட்டிலில் இருப்பவரின் மார்பைப் பாருங்கள். தாய் கட்டிலை நகர்த்தினால், ஏனென்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.